வீட்டம்மாவுக்கு ஒரு புத்தகம்

புத்தகத்தைச் சரிபாதியில் பிரித்து, கட்டைவிரலை உள்ளே கொடுத்து, நின்ற நிலையிலேயே இரண்டு பக்கம் படிக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. முடித்ததும் படாரென்று மூடி, காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குகிறார். உள்ளே எதுவும் கழன்று ஆடவில்லை என்று திருப்திப்பட்டால் இடது கக்கத்தில் செருகிக்கொள்வார். இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்து, பக்கத்துப் புத்தகங்களோடு ஒரே மட்டமாக நிற்கும்படி உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு அடுத்தது.

நூலகத்தில் அவருக்கு ‘நடுப்பக்கம்’ என்று பெயர். நூலகத்து அம்மாள் வைத்தது. அவர் முகத்துக்கு நேரே அந்த அம்மாள் அப்படிச் சொல்வதில்லை, மெதுவாகவும் சொல்வதில்லை.

“ஏன் சார், ஒண்ணையாவது மொதல்லேருந்து பாத்து எடுக்கக்கூடாதா?”

“மொதப் பக்கத்துல எழுதறவரு சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரும்மா. கடைசிப் பக்கத்துல கிளம்புற அவசரம். நடுவுலதான், யாரும் பாக்கலைன்னு நெனச்சு, கையை மடிச்சு விட்டுக்கிட்டு வேலை பாக்கிறாரு. அங்க போய் எட்டிப் பாக்கணும்.”

“எட்டிப் பாத்தது போதும். நான் பூட்டணும்.”

ஆள் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தொட்டும் தொடாத வயது. நகத்திடுக்கில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். புத்தகத்தைத் தொடும் கட்டைவிரலை மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார். நகரத்தில் பாதி லிஃப்டுகளின் இருமலும் முனகலும் அவருக்கு அத்துப்படி. ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால், இவர் போய்க் கதவில் காதை ஒட்டுவார். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள்: கயிறு அறுந்துவிட்டது என்பார்கள், புகை வருகிறது என்பார்கள், விளக்கு மினுக்கியபோதே சந்தேகப்பட்டேன் என்பார்கள். இவர் ஒரே ஒரு வாசகம்தான் சொல்வார்: “வந்துட்டேன், உக்காருங்க.” ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

“உள்ள மாட்டினவங்ககிட்ட என்ன கேக்கறது? பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்வாங்க. அதைக் கேட்டுக்கிட்டு ஸ்பானரை எடுத்தோம்னா தப்பான நட்டைத்தான் கழட்டுவோம். எதுவா இருந்தாலும் வெளியே நின்னு, சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சுடணும்.” தொழிலில் இந்தக் கொள்கை அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் விடுமுறை தருவார்கள். சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரை, மலைப்பக்கம் என்று எங்காவது ஒரு வாடகை அறைக்குப் போய்விடுவார். போகிற இடம் எதுவென்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. எதைப் படிப்பது என்பதில்தான் முழு மூளையும். பெட்டியில் போகும் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவையாக இருக்கவேண்டும் என்பது விதி. தலையணைபோல் ஒரு கதை, உட்கார்ந்த இடத்தில் முடிகிற மெல்லிசாக ஒன்று, முதுகு சில்லிட ஒன்று, சிரிக்க ஒன்று. கடைசியாக, எத்தனை முறை படித்தாலும் புரியாது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று. “அது எதுக்கு?” என்று கேட்டால், “லீவுல கொஞ்சம் பணிவா இருக்கலாம்னுதான்” என்பார்.

“ஒரே மாதிரி அஞ்சை அள்ளிக்கிட்டுப் போறது, லிஃப்ட்ல எல்லாரும் ஒரே மூலைல போய் நிக்கிற மாதிரி. ஏறும். ஆனா தள்ளாடிக்கிட்டே ஏறும்.”

இந்த ஞானத்தைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்கிறவர் இல்லை. பழுது பார்த்து முடித்துவிட்டு, லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிச் சோதிக்கிற நேரத்தில், கூட ஏறியவர்களைப் பிடித்துக்கொள்வார். “லீவுக்கு எங்க போறீங்க? என்ன எடுத்துட்டுப் போறீங்க?” ஆறாவது மாடிக்குள் அவர்களுக்கு ஒரு புத்தகம் முடிவாகிவிடும். பல் டாக்டருக்குக் கப்பல் கொள்ளைக்காரர்கள் கதை. பத்திரம் எழுதுகிறவருக்குப் பூச்சிகளைப் பற்றிய புத்தகம். இருவரும் திரும்பி வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் மட்டும், இவர் கொடுத்த திகில் கதையைப் படித்துவிட்டு, விடுமுறை முழுக்க விளக்கை அணைக்காமல் படுத்ததாகக் கோபித்துக்கொண்டார். அதையும் இவர் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். “மூஞ்சியப் பாத்தா போதும், சொல்லிடுவேன்” என்பது அவர் பெருமை. வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அங்கேதான் வந்தது வினை.

வீட்டம்மா குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்கிறவர். காலை முதல் மாலை வரை காதில் ஊரின் குழாய்கள் அழும். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கல், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. கூடத்திலிருந்து இவர் கூப்பிட்டால் சமையலறையிலிருந்து “சொல்லுங்க” என்று பதில் வரும். குழம்பில் உப்பு தூக்கல் என்றால், “உங்க புகார் பதிவாயிடுச்சு” என்பார். நடவடிக்கை எதுவும் இராது. வீட்டம்மா புத்தகத்தைக் கையில் எடுத்து இவர் பார்த்ததே கிடையாது.

இந்த வருடம் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இத்தனை விடுமுறைகளில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். போன வருடமே பரீட்சை என்று வராமல் இருந்துகொண்டாள். இனி வரவும் போவதில்லை.

கட்டில்மேல் புத்தகங்களைப் பரப்பி இவர் சேர்த்தும் கழித்தும் கொண்டிருந்த ஒரு மாலையில், துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டம்மா சொன்னார்: “எனக்கும் ஒண்ணு எடுங்க.”

துண்டு என்று நினைத்து எடுத்து நீட்டினார்.

“துண்டு இல்லைங்க. புத்தகம்.”

அவருக்குக் காலடியில் லிஃப்ட் சட்டென்று ஓரடி இறங்கினாற்போல் இருந்தது. “புத்தகமா? நீ படிக்கவா?”

“பின்ன விசிறவா? போன வருஷம் நாலு நாளும் நீங்க அதுக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டீங்க. நான் ஏரியவே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் ஏரியும் என்னையே பாக்க ஆரம்பிச்சுது.”

“சரி, எந்த மாதிரி…”

“என்னை ஏன் கேக்கறீங்க? பல் டாக்டரைக் கேட்டுட்டா குடுத்தீங்க? மூஞ்சியப் பாத்தா சொல்றவராச்சே. என் மூஞ்சியத்தான் இருபது வருஷத்துக்கு மேல பாக்கறீங்க.” மடித்த புடவையை அடுக்கில் வைத்தார். குரலில் கோபம் துளிகூட இல்லை. புகாரைப் பதிவு செய்கிற அதே சமநிலை. “சரியா வந்தா சரி. வரலேன்னா அடுத்த வருஷத்திலேருந்து லீவுக்கு நான் நம்ம பொண்ணுகிட்ட போயிடறேன். நீங்க உங்க புத்தகங்களோட போய்ட்டு வாங்க. சண்டை ஒண்ணும் இல்லை.”

சண்டை இல்லை என்று வீட்டம்மா சொன்னால் அது முடிவு என்று அர்த்தம். அவ்வளவாவது அவருக்குத் தெரியும்.

அன்று தொடங்கி அவர் சம்சாரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். நேரடியாக அல்ல, லிஃப்டைக் கவனிப்பதுபோல, வெளியே நின்று. முதலில் அகப்பட்ட தடயம், வீட்டம்மா தொலைக்காட்சியைச் சத்தமே இல்லாமல் வைத்துப் பார்ப்பது. இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது பட்டது. வாயசைக்கிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், கதவை அடித்துச் சாத்துகிறார்கள், எல்லாம் ஊமையாக. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, ஒலிபெருக்கியைத் துடைத்து, புது ஒயர் வைத்துப் பற்றவைத்தார். மாலையில் வீட்டம்மா வந்து போட்டதும் தெருக்கோடி வரை அலறியது. வீட்டம்மா இவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சத்தத்தைக் குறைத்து, பழையபடி ஊமையாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் பழுதே இருந்ததில்லை என்பது அவருக்கு விளங்கியது. வேறெதுவும் விளங்கவில்லை.

அடுத்த தடயம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள். வீட்டம்மா அதை விரித்து, ஒரு வரி விடாமல், கடைசியில் அச்சிட்ட தேதி வரைக்கும் படித்தார். ஆகா, மருத்துவம் என்று இவர் குறித்துக்கொண்டார். மறுவாரம் வீட்டம்மா அதே சிரத்தையோடு துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைப் படித்தபோது, குறித்ததை அழித்தார்.

மொட்டைமாடி மோட்டார் அறையில், சாப்பாட்டு நேரத்தில், கூட்டாளி மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார்: “உன் வீட்டுக்காரிக்கு என்ன புடிக்கும்னு உனக்குத் தெரியுமாப்பா?”

“நல்லாத் தெரியுமே.”

“என்ன?”

“நான் வெளிய கிளம்பினா புடிக்கும்.”

மகளுக்கு ஃபோன் போட்டார். அவள் விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில், ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“அப்பா, நல்லா மாட்டினியா? அம்மாகிட்டயே கேட்டுடேன்ப்பா.”

“கேக்கக்கூடாதுன்னுட்டாளே.”

“அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீ கேக்கணும்.”

“கேட்டா பயத்துல எதையாவது சொல்வாங்கம்மா.”

“யாரு, அம்மாவா? பயத்துலயா?” மறுபடி சிரிப்பு. “அப்பா, இப்ப பயத்துல இருக்கறது யாரு?”

வேலை வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைசிச் சனிக்கிழமை நூலகத்தில் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து நூலகத்து அம்மாளே பயந்துபோனார். கக்கத்தில் ஒன்றும் இல்லை. எடுக்கிறார், பிரிக்கிறார், நடுவில் படிக்கிறார், வைக்கிறார். எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அதற்குப் பக்கத்தில் சம்சாரத்தின் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முகம் நினைவுக்கு வருகிறது. அது சிரிக்குமா, கொட்டாவி விடுமா என்பதுதான் தெரியவில்லை. பல் டாக்டர் முகம் என்றால் ஆறு மாடிக்குள் தெரிந்துவிடுகிறது.

“யாருக்கு சார்?”

“ஒரு… தெரிஞ்சவங்களுக்கு.”

“நல்லாத் தெரிஞ்சவங்களா?”

அவர் அடுத்த அடுக்குக்கு நகர்ந்தார். கிளம்பும்போது சம்சாரத்துக்கென்று ஐந்து புத்தகங்கள் தேறியிருந்தன. எந்த நட்டு என்று தெரியாதபோது எல்லா அளவு ஸ்பானரையும் எடுத்துக்கொள்வதுதானே வழக்கம். கட்டிலில் பரப்பிய தன் புத்தகங்களுக்குப் பெட்டியில் இனி இடமில்லை. தனக்கென்று கடைசியில் அவசரமாக உருவியது, குகைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். நடுப்பக்கத்தில் படத்தைத் தவிர ஒரு எழுத்தும் புரியவில்லை. வருடாந்திரப் பணிவுக்கு அது போதும்.

வாடகை அறை, குளத்தைப் பார்த்த ஒற்றை மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு வழியே இல்லை. பெட்டியை இறக்கியதும் இவர் புத்தகங்களை எடுத்து மேசைமேல், முதுகெல்லாம் ஒரே மட்டமாக, அடுக்கி வைத்தார். வீட்டம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இதான் எனக்கா? அஞ்சும்?”

“கலந்து எடுத்தேன்.”

வீட்டம்மா முதலாவதை எடுத்தார். சமையல். “இது லீவா, டியூட்டியா?”

இரண்டாவது, உடல்நலம். “டாக்டர் என்னைப் பத்தி உங்ககிட்ட மட்டும் தனியா ஏதாவது சொன்னாரா?”

மூன்றாவது ஒரு குடும்பக் கதை. அதில் ஒரு பக்கம் பொறுமையாகப் படித்தார். “மாமியாரும் மருமகளும் விடாம பேசிக்கிட்டிருக்காங்க. காதுல ஹெட்ஃபோனை மாட்டின மாதிரியே இருக்குது.” மூடி வைத்தார்.

நான்காவது துணுக்குத் தொகுப்பு. ஒரு துணுக்கைப் படித்து, முகத்தில் மாற்றமில்லாமல், “சரி” என்றார்.

ஐந்தாவது பேய்க்கதை. “இந்தப் பேய்க்கு என்ன வேணுமாம்?”

“அதைக் கொன்னுட்டாங்க. நியாயம் கேக்குது.”

“அதுவும் புகார்தானா?” ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இவர் பக்கமாக நகர்த்தினார். “நல்ல புத்தகங்கதான். யாரோ ஒரு அக்காவுக்கு எடுத்த மாதிரி இருக்கு.”

அந்த அக்கா அவருக்கும் இப்போது கண்ணுக்குத் தெரிந்தாள்: சமைப்பாள், மருந்து சாப்பிடுவாள், மருமகளைத் திட்டுவாள், துணுக்குக்குச் சிரிப்பாள், பேய்க்குப் பயப்படுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பாள். இந்த வீட்டில் இல்லை. அடுத்த வருடம் இதேபோல் ஓர் அறையில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதும், நாற்காலி காலியாக இருப்பதும் மனசில் ஓடியது. எத்தனை புத்தகம் எடுத்துக்கொண்டு போனாலும் அந்த நாற்காலி அங்கேயே இருக்கும்.

வீட்டம்மா இதற்குள் அவருடைய பையைத் திறந்திருந்தார். “இது என்னது, செங்கல் மாதிரி?”

“அது எனக்கு. குகைங்களைப் பத்தி. போரடிக்கும், உனக்கு வேணாம். எனக்கே புரியல.”

“இதுல யாரெல்லாம் வராங்க?”

“யாரும் வரல. பாறைதான். மேலேருந்து தண்ணி சொட்டுது. அதே இடத்துல சொட்டிச் சொட்டி, கீழ கல்லு தூண் மாதிரி வளருது. லட்சம் வருஷமா அதே வேலை.”

“லட்சம் வருஷமா சொட்டுதா?”

“ஆமா.”

“ஒருத்தரும் ஃபோன் பண்ணலையா?”

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். வீட்டம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்து, முன்னுரையிலிருந்து ஆரம்பித்தார். முன்னுரை படிக்கிற ஒரு ஜீவனை அவர் அப்போதுதான் நேரில் பார்க்கிறார். அதில் நன்றி சொல்லப்பட்டிருந்த பேர்களைக்கூட விடவில்லை.

வேறு வழியில்லாமல் அவர் குடும்பக் கதையை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். நடுவில் பிரித்தார். மாமியார் ஏதோ சொன்னார், மருமகள் ஏதோ சொன்னாள், ஒன்றும் ஏறவில்லை. கண் புத்தகத்தின் விளிம்பைத் தாண்டி ஜன்னலுக்கே போனது. வீட்டம்மாவின் உதடு அசையவில்லை. ஒரு பக்கத்தில் புருவம் ஏறியது. இன்னொரு பக்கத்தில், படத்தை விரலால் மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வந்தது. இருபது வருடத்துக்குமேல் பார்த்த முகம் அது. இந்த மூன்றும் அவருக்குப் புதிது.

குடும்பக் கதையை மூடினார். தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா.”

“சொல்லுங்க.”

“உனக்கு என்னதான் புடிக்கும்?”

கேட்டுவிட்டார். எதையும் கேட்காமல் லிஃப்ட் கதவுக்கு வெளியே நிற்பதைவிட, கேட்டபின் இங்கே காத்திருப்பது கடினமாக இருந்தது. வீட்டம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

“இருங்க. இந்தப் பக்கம் முடியட்டும், சொல்றேன்.”

அவர் இருந்தார். வெயில் ஜன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே வந்து, வீட்டம்மாவின் மடிக்கு ஏறி, புத்தகத்தின்மேல் விழுந்தது. வீட்டம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டே படித்தார். இவர் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டார். கையை எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. மாட்டக் கொக்கி இல்லை. பைக்குள் திருப்புளி இருந்தது, திருகாணியும் இருக்கும். ஆனால் சுவரில் ஓட்டை போட்டால் சத்தம் கேட்கும். மறுபடி இழுத்து, விளிம்பைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நிழல் புத்தகத்தின்மேல் சரியாக விழுந்தது.

பக்கம் முடிந்தது. வீட்டம்மா புரட்டினார். அடுத்த பக்கத்திலும் ஒரு பெரிய படம் இருந்தது போலிருக்கிறது. புத்தகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவருக்குக் கை கடுத்தது. திரை வளையம் சலசலக்காமல், மெதுவாக, மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.